அம்மனோடு பட்டினி கிடந்தவள்

கதை முடியும் முன்பே தீர்ப்புச் சொல்கிறவர்கள் நம்மில் அதிகம். இந்தக் கதைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

சமயபுரத்து மாரியம்மன் ஆண்டுதோறும் தன் பக்தர்களின் நலனுக்காகத் தானே பச்சைப்பட்டினி விரதம் இருப்பாள். மாசிக் கடைசியில் தொடங்கும் அந்த நாட்களில் அவளுக்குச் சோறு படைப்பதில்லை. நீர்மோர், பானகம், பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, அவ்வளவுதான். திருச்சியில் இருந்த செங்கமலத்துக்குக் குடலில் கட்டி என்று தெரிந்ததும் அதே சமயத்தில்தான். "ஆபரேஷன் நல்லபடி முடியுற வரைக்கும் உன்னோட நானும் பட்டினி, தாயே" என்று வேண்டிக்கொண்டாள். ஏற்கெனவே இளைத்திருந்த உடம்பு இன்னும் வற்றிப்போனது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆபரேஷனையே தள்ளிவைத்தார். "உடம்புல சத்தே இல்லம்மா. இப்ப அறுத்தா புண்ணு ஆறாது. ரெண்டு வாரம் முட்டை, பருப்பு, பால்னு நல்லா சாப்பிட்டு வாங்க. அதுக்கு மேல கட்டி காத்திருக்காது."

செங்கமலம் அசையவில்லை. "வாக்கு மாறினா, கத்தி வைக்கிற நேரத்துல அவ என்னைக் கைவிட்டுருவா."

கணவன் ரெங்கராஜுக்கு மனம் பொறுக்கவில்லை. அவள் குடிக்கும் நீர்மோரில் தெரியாமல் சத்துமாவைக் கரைத்தான். அவள் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அதன்பின் அவன் கையால் தண்ணீர்கூட வாங்க மறுத்தாள். பாவம், அழுதேவிட்டான்.

அப்போது வந்தாள் ரெங்கராஜின் அக்கா வேதவல்லி. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இவளுக்குப் பசி வரும் முன்பே பறந்துவிடும். கல்யாண வீட்டில் முதல் பந்தியிலும் இருப்பாள், கடைசிப் பந்தியிலும் இருப்பாள். அவள் செங்கமலத்தைக் கோயிலுக்கு அழைத்துப்போய், சந்நிதியில் உரக்கச் சொன்னாள்: "தாயே, இவ பட்டினிய நான் வாங்கிக்கிறேன். இவ சாப்பிடட்டும்."

"அண்ணி, உங்களால முடியாது."

"எனக்கும் தெரியும். நீ சாப்பிடுறதப் பார்த்தா முடியும்."

அன்றிலிருந்து வேதவல்லி நீர்மோரோடு நிறுத்திக்கொண்டாள், செங்கமலம் சாப்பிட்டாள். உடம்பு தேறியது. ஆபரேஷன் நடந்தது, புண்ணும் டாக்டரம்மா சொன்னபடியே ஆறியது. ஆனால் ஒருத்தி சொன்ன வாக்கை இன்னொருத்தி தலையில் ஏற்றலாமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

தள்ளிவைத்த டாக்டரம்மா, ஒளித்து ஊட்டிய கணவன், பட்டினியை வாங்கிக்கொண்ட நாத்தனார். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: டாக்டரம்மா சொன்னது முழுக்கச் சரிதான், ஆனால் அது செங்கமலத்தின் வயிற்றுக்குள் இறங்கவில்லை. ரெங்கராஜின் அன்பு மெய், வழிதான் திருட்டுவழி. அம்மன் பட்டினி கிடப்பது பிள்ளைகளையும் பட்டினி போடுவதற்காக அல்ல, அவர்கள் நன்றாக இருப்பதற்காக. அதை அப்படியே செய்தவள் வேதவல்லி. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் செங்கமலம் தன் வலியைப் பற்றிப் பேசவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்: "அண்ணி சாப்பிட்டாங்களா?"