தவறிவிட்டான்

ஒரே ஒரு சொல்லால் வந்த வழக்கு இது. அந்தக் கடிதம் வேறு பாஷையில் எழுதப்பட்டிருந்தால் வழக்கே இல்லை. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் பெத்தேல்குடியிருப்பு என்று கிறிஸ்தவர்களான வேதக்காரர் ஊர் ஒன்று. நூறு வருஷத்துக்கு முந்திய காலம். அங்கே வழக்குத் தீர்க்கும் கச்சேரியும் கோயில்தான், சட்டமும் கோயில்தான். குற்றம் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் நின்று, "நான் தவறினேன்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லாதவருக்கு விலக்கு. திருவிருந்து இல்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை, செத்தால் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் குழி.

குருவானவர் மாசிலாமணி ஐயர் கறாரானவர். மனைவி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, அவளுக்கு இளைப்பாறுதல் தாரும் என்று ஜெபித்த ஒரு கிழவரையே ஆறு மாதம் விலக்கி வைத்தார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் இல்லை என்று அந்த வாரம் பிரசங்கமும் செய்தார்.

ஞானப்பூவின் புருஷன் இஸ்ரவேல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். மூன்றாம் வருஷம், அங்கே இதே சபையைக் கவனித்துவந்த தோட்டத்து உபதேசியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து தெரியாத ஞானப்பூ அதை ஐயரிடம் கொண்டுபோனாள். அதில் இருந்தது இரண்டே வரி.

"உன் புருஷன் இஸ்ரவேல் தவறிவிட்டான். அவனுக்காக ஜெபம் பண்ணு."

ஐயர் முதல் வரியை வாசித்தார். அடுத்த வரிக்குப் போனதும் அவர் முகம் சுருங்கியது. அதை வாய்விட்டு வாசிக்காமலே கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்து, "கர்த்தருடைய சித்தம், மகளே" என்றார்.

இரண்டு வருஷம் வெள்ளைச் சேலை உடுத்தினாள். பிறகு பனையேறும் தங்கையா பெண் கேட்டான். அதே ஐயர்தான் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கலியாணம் நடத்தினார். ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த வாரத்தில் இஸ்ரவேல் ஊருக்குள் வந்து நின்றான்.

தோட்டத்தில் அவன் இன்னொரு பெண்ணோடு இருந்திருக்கிறான். அந்த அசிங்கத்தை எழுதக் கை கூசிய உபதேசியார், தவறிவிட்டான் என்று முடித்துக்கொண்டார். ஊர் தன்னைச் செத்தவனாக்கிவிட்டது தெரிந்ததும் இஸ்ரவேல், "என்னைப் புதைச்ச இடத்தக் காட்டுங்கவே, நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஞாயிறே சபை நடுவில் நின்று ஒப்புக்கொண்டும் விட்டான்.

மிச்சம் ஞானப்பூ. புருஷன் உயிரோடு இருக்க இன்னொருத்தன் வீட்டில் வாழ்ந்தால் அதற்கு வேதத்தில் விபசாரம் என்று ஒரே பேர்தான் என்றார் சபையின் மூத்த மூப்பர். கலியாணம் பண்ணிவைத்தது ஐயரில்லையா என்று தங்கையா கேட்டான். கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஐயர் வாசித்தார். இந்தத் தடவை இரண்டு வரியையும் வாசித்தார்.

"இத எனக்கு அன்னைக்கு வாசிக்கலையே ஐயா" என்றாள் ஞானப்பூ.

இப்போது அதுவா பேச்சு என்று மூப்பர் அடக்கினார்.

பிள்ளைக்கு அந்த வாரம் கடும் காய்ச்சல். ஞானஸ்நானம் இல்லாமல் அது போய்விட்டால் சுவருக்கு வெளியே குழி என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சபை நடுவில் போய் நின்றாள்.

"நான் தவறிட்டேன்" என்றாள்.

சரி, சொல்லுங்கள். இன்னொருத்தியோடு இருந்த இஸ்ரவேல், சொல்லை மூடி எழுதிய உபதேசியார், மாசிலாமணி ஐயர், ஞானப்பூ. அன்று அந்த இடத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவேண்டியவர் யார்?

விடை: இஸ்ரவேல் தன் பங்கைச் சொல்லிவிட்டான். உபதேசியார் முதல் வரியில் மூடியதை இரண்டாம் வரியில் திறந்துதான் வைத்திருந்தார். அந்தச் சபையில் ஜெபம் உயிரோடிருப்பவனுக்கு மட்டும்தான். ஞானப்பூவின் காதில் அது விழுந்திருந்தால், "செத்தவனுக்கு எதுக்கு ஐயா ஜெபம்?" என்று அவளே கேட்டிருப்பாள். எழுதினவர் உபதேசத்தில் சறுக்கிவிட்டார் என்று நினைத்து, அந்த வரியை அவளுக்குக் கேட்காமல் ஆக்கியவர் ஐயர். நிற்கவேண்டியவர் அவர். அன்று அவள் சொல்லி முடித்ததும், "சபை உன்னை மன்னிக்கிறது" என்று அவர் சொல்லவேண்டும். மூன்று தடவை வாயெடுத்தும் குரல் வரவில்லை; மூப்பர்தான் அதைச் சொல்லி முடித்தார். அவளுடைய பாவம் ஐயரை அப்படி உலுக்கிவிட்டது என்று சபை பேசிக்கொண்டே கலைந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. அன்று சாயங்காலம் ஞானப்பூ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தங்கையா வாசலில் நின்று பார்க்க, இரண்டு புருஷன் வீட்டுக்கும் இல்லாமல் தெற்கே நடந்து போனாள்.