பதினாலாம் நம்பர் கார்

தெய்வானைக்கு ஐம்பத்தாறு வயது. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கார்களைப் படம் எடுப்பது. கோயம்புத்தூரில் பழைய கார் அணிவகுப்பு என்றால் முதல் ஆளாக நிற்பாள். ரேஸ் கார்களையும் விடமாட்டாள். பாடம் கேட்பது புகைப்படக்காரன் ஜமீலிடம். அவனுக்கு மகன் வயதுதான். ஆனாலும் அவளுக்கு அவன் வாத்தியார்.

மகன் குகன் ஓட்டும் ரேஸுக்கு மட்டும் அவள் போவதில்லை. போன வருசம் வளைவில் இருக்கும் டயர் சுவரில் அவன் கார் மோதித் தோள் எலும்பு முறிந்தது. அதோடு சரி.

"ஊர்ல ஓடற காரையெல்லாம் எடுக்கறே. என் காரை ஒரே ஒரு தடவை எடுத்துக் குடும்மா" என்று அவன் ஆறு மாதமாகக் கேட்டான். இன்று பந்தயத் திடலுக்கு வந்துவிட்டாள்.

வந்தாளே தவிர, கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேலியோரம் இங்கே போனாள், அங்கே போனாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். லென்ஸ் மூடியில் விபூதி வைத்தாள்.

"கண்ணாடில பட்டுறப் போகுதுங்கம்மா" என்றான் ஜமீல்.

"மூடிலதானுங்க வெச்சேன். முருகனுக்கு அது போதும்."

ரேஸ் தொடங்கியது. பத்துச் சுற்று. குகன் மோதிய அதே வளைவுக்கு எதிரேதான் இருவரும் நின்றார்கள். வண்டிகள் சீறிக்கொண்டு வந்து திரும்பின. படத்தில் மூன்றாம் நம்பர் பளிச்சென்று விழுந்தது. ஒன்பதும் அப்படியே. குகனுடைய மஞ்சள் பதினாலு மட்டும் கலங்கி இழுகிப் போயிருந்தது. அடுத்த சுற்றிலும் இழுகல். அதற்கடுத்ததிலும்.

ஐந்தாவது சுற்று முடிந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாத்தியாரே, எல்லார் காரும் வருது. எம் பையன் காரு மட்டும் ஏனுங்க வர மாட்டேங்குது?"

"காலையில எடுத்த பச்சை ஃபியட்டைக் காட்டுங்க."

காட்டினாள். ரேஸுக்கு முன்னால் நடந்த அணிவகுப்பில் வந்த கிழட்டுக் கார். கதவின் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. பின்னால் இருந்த மரங்கள் சீவிவிட்ட தலைமுடி போல ஓடியிருந்தன.

"இதை எப்படி எடுத்தீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதானுங்க. காரோடயே இடுப்பைத் திருப்பினேன். பொத்தானை அமுக்கின பின்னாலயும் நிறுத்தல."

"பதினாலை எப்படி எடுத்தீங்க?"

அவள் கேமரா வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, அந்தப் படத்தைக் காட்டுங்க. அதுல எதாச்சும் தெளிவா இருக்குதுங்களா?"

தெய்வானை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் இழுகலுக்குப் பின்னால் டயர் சுவர் இருந்தது. எத்தனை டயர் என்று எண்ணிவிடலாம். ஒரு டயரில் வெள்ளைச் சாயம் உரிந்திருந்தது கூடத் தெரிந்தது.

"சுவருங்க" என்றாள்.

"மத்த படத்துல?"

ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"எல்லாத்துலயும் சுவருதானுங்க."

"அப்பக் கேமரா மேல குத்தமில்லீங்கம்மா" என்றான் ஜமீல். "நீங்க எதைப் பார்த்துட்டு நின்னீங்களோ, அதைத்தான் அது எடுத்திருக்குது."

தூரத்தில் இரைச்சல் கிளம்பியது. அவள் அவசரமாகக் கேமராவைத் தூக்கினாள். உதடு முணுமுணுத்தது. மூன்று வந்தது, ஒன்பது வந்தது. பிறகு மஞ்சள்.

அவள் திரும்பினாள். சுவர் வந்தது. இடுப்பு நின்றுவிடப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. சுவர் ஓடிப்போய்விட்டது.

கேமராக் கண்ணாடிக்குள் குகன் மட்டும் இருந்தான். தலைக்கவசம் வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிள் திருப்பும்போதும் அவன் இப்படித்தான் தலையைச் சாய்ப்பான். அவனோடு திரும்பிக்கொண்டே போனாள். வளைவு முடிந்து, கார் பார்வையாளர் கொட்டகைக்குப் பின்னால் மறையும் வரைக்கும்.

பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"ஐயோ வாத்தியாரே! பொத்தானை அமுக்கவே மறந்துட்டேனுங்க! போயிட்டானே!"

ஜமீல் வேலியில் சாய்ந்துகொண்டான்.

"இன்னும் நாலு சுத்து இருக்குதுங்கம்மா. திரும்பி வருவான்."