குக்குறுவான் சொன்ன தூரம்

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த காலத்தில் மலையில் பொய் என்பதே கிடையாது. எந்தப் பறவையைக் கேட்டாலும், தெரிந்தால் தெரியும் என்று சொல்லும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும். அப்போது குக்குறுவான் என்ற பறவையின் வேலை தூரம் சொல்வது. பச்சை உடம்பும் தடித்த மூக்குமாக, மலைப்பாதையின் பாதியில் நிற்கும் அத்திமரத்து உச்சியில், எல்லோர் கண்ணிலும் படும்படி அது உட்கார்ந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்.

அந்தப் பாதையின் முடிவில் ஓர் அருவி இருந்தது. பெரிய அருவி இல்லை. பாறை இடுக்கில் ஒரு முழ அகலத்துக்கு விழுகிற தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றாது என்று குக்குறுவான் சொல்லித்தான் அடிவாரத்து ஊருக்கே தெரியும். நேரில் பார்த்தவர் இல்லை. போனவர்கள் எல்லோரும் அத்திமரம் வரை போனார்கள், மிச்சத் தூரத்தைக் கேட்டார்கள், திரும்பிவிட்டார்கள். கீழே ஊற்று இருந்தவரை அதனால் யாருக்கும் நட்டமில்லை.

பிறகு மூன்று வருடம் மழை பொய்த்தது. ஊர் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஆற்றுப் பக்கம் போயிற்று. போகாமல் நின்றது சடையன் வீடு மட்டும்தான். சடையன் காய்ச்சலில் கிடந்தான். அவன் மனைவி மருதியும் அவனுடைய அக்கா வெயிலாளும் மாறி மாறி அவன் நாக்கை நனைத்தார்கள். இருபத்து மூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்து பார்த்தால், ஊற்றில் சேறுதான் இருந்தது. ஆற்றுக்கு மூன்று நாள் நடை. குடுக்கையில் இருந்ததோ அரைநாள் தண்ணீர்.

"அருவிக்குப் போவோம் மதினி" என்றாள் மருதி.

மறுநாள் விடிந்ததும் வெயிலாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தாள். பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் அவர்களுக்குள் நல்ல பேச்சு நாலு இருந்ததில்லை. உலையில் உப்பு போட்டதற்குச் சண்டை, போடாததற்குச் சண்டை. இருவருக்கும் பொதுவாக இருந்தவன் ஒருவன். அவனும் மண்ணுக்குள் போன பிறகு, சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

இருவரும் வறண்ட ஓடையைப் பிடித்து ஏறினார்கள். கூழாங்கற்கள் காலுக்குக் கீழே உருண்டன. காய்ந்த மூங்கில் புதர்களுக்குள் காற்று இல்லை. வெயிலாளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். மருதி முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்க்காமலே காத்திருந்தாள். வெயிலாளின் மூச்சு பக்கத்தில் கேட்டதும் மறுபடி நடந்தாள். உச்சி வெயிலில் அத்திமரத்துக்கு வந்தபோது குடுக்கையைக் கவிழ்த்தாலும் சொட்டு விழவில்லை.

வெயிலாள் மரத்தில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள். "குக்குறுவா, அருவிக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"காலையிலிருந்து நடந்தது எவ்வளவோ, இன்னும் அவ்வளவு" என்றது குக்குறுவான். "ஏழு மேடு. இனிமேல் எல்லாம் ஏற்றம்."

"சரி" என்றாள் வெயிலாள். குடுக்கையைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். அந்த உட்காருதலை மருதி பார்த்தாள். இளைப்பாற உட்காருகிறவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

"எந்திரிங்க மதினி."

"நீ போ."

"சாயங்காலத்துக்குள்ள போயிரலாம். கையைக் குடுங்க."

"போடி. எனக்கு அங்க போயி என்ன ஆகணும்? தம்பி இருக்கிற இடத்துக்கே போறேன்."

மருதி திட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கல்லை இழுத்த மாதிரி இருந்தது. கடைசியில் குடுக்கையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள். இந்த மதினி இல்லாத ஒரு வீட்டை அவள் எத்தனையோ நாள் மனதுக்குள் கட்டிப் பார்த்திருக்கிறாள். இதோ, கேட்காமலே கிடைத்துவிட்டது. பத்தடி வைத்தாள். பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. பதினோராவது அடி வரவில்லை.

மரத்தைச் சுற்றி மறுபக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். "குக்குறுவா, கீழ இறங்கி வா."

குக்குறுவான் தாழ்ந்த கிளைக்கு வந்தது.

"அவகிட்ட, கிட்டத்தான்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"கிட்ட இல்லையே."

"தெரியும். சொல்லு."

குக்குறுவான் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "இல்லாததைச் சொன்னால் மற்றப் பேச்செல்லாம் போய்விடும் என்பாள் என் தாய். எங்கள் குலத்தில் ஒருவரும் சொல்லிப் பார்த்ததில்லை."

கெஞ்சுவதற்கும் எச்சில் வேண்டும், அது மருதியிடம் இல்லை. "அப்படின்னா வேண்டாம்" என்றாள். "உன் வாயைப் பிடுங்கி நாங்க தண்ணி குடிக்க வேண்டாம். நீ உள்ளதைத்தானே சொன்னே, உன்மேல குத்தம் இல்லை." போய் வெயிலாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் திரும்பி வந்தே?" என்றாள் வெயிலாள்.

"கால் வலிக்குது."

இருவரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் அவர்களை விட்டு மெல்ல நகர்ந்து போயிற்று. நகர்ந்து உட்கார இருவருக்கும் தோன்றவில்லை.

குக்குறுவான் மேலேயிருந்து பார்த்தது. அது எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது. மேலே வரும்போது முகத்தையும், தூரம் சொன்ன பிறகு முதுகையும். உண்மையைச் சொல்லிச் சொல்லி அது பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். இந்த இரண்டு பேர் முதுகைக்கூடத் திருப்பவில்லை. அங்கேயே முடியப் போகிறார்கள்.

"கிட்டத்தான்!" என்றது.

வெயிலாள் நிமிர்ந்தாள். "என்னது?"

"அருவி. கிட்டத்தான். எழுந்திரு. கிட்டிரும்."

"இப்பத்தானே ஏழு மேடுன்னே?"

குக்குறுவான் வாயைத் திறந்தது. மேடு என்ற சொல் வரவில்லை. ஓடை, பாறை, ஏற்றம் ஒன்றும் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தது. தொண்டையில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். "கிட்டிரும்" என்றது. அதிலும் கடைசி எழுத்து நழுவி, நடுவிலும் ஒலி திரிந்து போயிற்று. "கிட்டுரு. கிட்டுரு."

பறவை பொய் சொல்லாது என்பது ஊரறிந்தது. வெயிலாள் மரத்தைப் பிடித்து எழுந்தாள். "கையைக் குடுடி" என்றாள். அவள் கை மருதியின் கைக்குள் வந்தது அதுவே முதல் தடவை.

முதல் மேடு ஏறினார்கள். அருவி இல்லை. முன்னால் ஒரு மரத்திலிருந்து "கிட்டுரு" என்று கேட்டது. இரண்டாம் மேடு ஏறினார்கள். அங்கும் இல்லை. அதற்கும் மேலேயிருந்து "கிட்டுரு, கிட்டுரு". நாலாவது மேட்டில் கையை ஊன்றித் தவழ்ந்தார்கள். ஐந்தாவதில் மருதிக்குக் கண் இருட்டியது. அப்போது வெயிலாள் அவள் இடுப்பைப் பிடித்துத் தள்ளினாள். "நாசமாப் போற பறவை, அதுக்குக் கிட்டம்னா என்னன்னே தெரியல" என்று வைதாள். வைதுகொண்டே ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேச ஆரம்பித்தாள். சடையன் சின்னப் பிள்ளையில் எப்போதும் தன் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே நடப்பான் என்றாள். மருதி அதைக் கேட்டதே இல்லை. இருவரும் அழுதார்கள், ஆனால் கண்ணில் நீர் வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏழாவது மேட்டைத் தாண்டி, இலைகளை விலக்கினார்கள். கறுத்த பாறை. பாசி. ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர், பெரிய சத்தம்கூட இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் வெயிலாள். பிறகு அதன் அடியில் போய்த் தலையைக் கொடுத்து உட்கார்ந்தாள். குடித்தார்கள். இருமினார்கள். மறுபடி குடித்தார்கள்.

வெகு நேரம் கழித்து வெயிலாள் சொன்னாள்: "பொய்யின்னு எனக்கு இரண்டாம் மேட்டிலேயே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்கு நடந்தீங்க?"

"எனக்காக ஒருத்தரும் ஒண்ணையும் இழந்ததில்லைடி. அது தன் பேச்சையே விட்டுட்டு முன்னால முன்னால போய்க் கத்துது. எப்படி உக்கார?"

அருவிக்குப் பக்கத்திலேயே அவர்கள் குடிசை போட்டார்கள். சண்டையும் போட்டார்கள், முன்னளவுக்கு இல்லை. சில நாள் கழித்து மருதி குக்குறுவானைத் தேடி அத்திமரத்துக்கு இறங்கிப் போனாள். உச்சிக்கிளை காலியாக இருந்தது. உள்ளே எங்கோ இலைகளுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. பொய் சொன்ன முகத்தை வெளியே காட்ட அதற்குக் கூச்சம். "வெளிய வா, நான்தான்" என்று அவள் சாயங்காலம் வரை நின்று கூப்பிட்டாள். அது வரவில்லை. திரும்பி ஏறும் வழியில், ஆற்றுப் பக்கமிருந்து பிழைப்பற்று வந்த ஒரு குடும்பம் முதல் மேட்டில் களைத்து உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, உதடு வெடித்துப் போய், "அருவி எம்புட்டுத் தூரம் தாயி?" என்று கேட்டாள்.

மருதி அவள் கால்களைப் பார்த்தாள். மேலே இருந்த ஆறு மேடுகளையும் பார்த்தாள். "கிட்டத்தான்" என்றாள்.

அந்த நாளிலிருந்துதான் குக்குறுவான் இலைக்குள் உடம்பை மறைத்துக்கொண்டு விடிந்தது முதல் கூடு அடைகிறவரை "கிட்டுரு, கிட்டுரு" என்று ஓயாமல் கூப்பிடுகிறது. மலைக்காரர்களும், எந்த இடத்தில் நிறுத்தி யார் கேட்டாலும், கேட்டவர் கால்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இந்தா, கிட்டத்தான்" என்கிறார்கள்.