ஈசல் கொடுத்த பாதி

ஈசலும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காதல் கரையான் புற்றுக்குள் இருந்தது. கரையான்கள் அதைப் பொத்திப் பொத்திப் பழுக்க வைக்கும். இருபது வயசானவர்கள் புற்றடிக்குப் போய்க் கை நீட்டினால் ஒரு சிட்டிகை கிடைக்கும். அது ஆயுசுக்கும் தாங்கும். சின்னப் பிள்ளைகள் போனால், "போ, போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்று விரட்டிவிடும்.

காத்தாயிக்கும் வேலப்பனுக்கும் பதினைந்து வயசு. முதல் மழை விட்ட சாயங்காலம், வறுத்துத் தின்ன ஈசல் பிடிக்கப் போனார்கள். புற்றுவாயில் குழி வெட்டி, அவள் விளக்கைப் பிடித்தாள். வெளிச்சத்துக்கு வந்து குழியில் விழுவதை அள்ள அவன் பானையோடு குந்தினான்.

முதலில் வந்த ஈசல் குழி விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"ஐயோ, விளக்கை அணைங்க! இன்னைக்கு எங்களுக்குக் கல்யாணம். எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு சாயங்காலம்தான்."

காத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. விளக்கை ஊதி அணைத்தாள்.

"அடிப்பாவி, சோத்துக்குத் தொட்டுக்க என்ன பண்றது?" என்றான் வேலப்பன். ஆனாலும் பானையைக் கவிழ்த்து வைத்தான்.

ஈசல் உருகிப்போனது. "என்ன வேணும், கேளுங்க."

காத்தாயி தலையைக் குனிந்தாள். "இன்னும் ஒரு மாசத்துல எங்க வீட்டுல எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் குடி போறோம். அப்புறம் இவனைப் பார்க்கவே முடியாது. அதுக்குள்ள எங்களுக்குக் காதல் வேணும்."

வேலப்பன் சட்டென்று வேறு பக்கம் திரும்பினான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உங்களோடது இன்னும் காயா இருக்கு. பழுக்க அஞ்சு வருஷம் ஆகும்."

"அஞ்சு வருஷமா! அதுவரைக்கும் யாரு உசிரோட இருப்பா?" என்றாள். பதினைந்து வயசுக்காரிக்கு அப்படித்தானே தோன்றும்!

"அப்போ என்னோடதுல பாதி தர்றேன். ஆனா இது ஈசல் காதல். ரொம்பத் துடிக்கும், ரெக்கை சீக்கிரம் விழுந்துடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல!" என்றார்கள் இருவரும்.

பிறகு நடந்த கூத்தைப் பார்க்கணுமே! அவன் யாரையோ பார்த்துச் சிரித்தானாம், இவள் சோற்றைத் தொடவில்லை. இவள் திரும்பிப் பார்க்கவில்லையாம், அவன் பனைமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். காலையில் "உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்பார்கள். மத்தியானம் ஒரே மாங்காயைக் கடித்துக்கொண்டு இருவரும் அழுவார்கள். ஏழு ஜென்மத்துக்கும் நீதான் என்று சத்தியம் வேறு.

பதினோராம் நாள் எழுந்தபோது நெஞ்சுக்குள் அந்தப் படபடப்பைக் காணோம். ரெக்கை உதிர்ந்துவிட்டது. இருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் அதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். பாவம், அன்றைக்கு அழுததுதான் பெரிய அழுகை.

குடி போகிற நாளில் வண்டி பக்கத்தில் வேலப்பன் வந்து நின்றான்.

"எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல."

"எனக்கும்தான்."

"வாங்காமலே இருந்திருக்கலாம்னு தோணுதா?"

காத்தாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீ, போடா!" என்றாள். வண்டி நகர்ந்தது.

அன்று முதல்தான் பதின்வயசுக் காதல் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, இத்தனை சீக்கிரம் உதிர்கிறது. அதைப் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள், பறந்தவரைக்கும் நிஜமாகவே பறந்தது.