ஒன்பது பந்து பறித்தவன்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய கதை இது.

கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி அணி. அதற்கு மேனேஜர் வெயிலுமுத்து. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற வாழ்க்கை. அவர் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் செண்பகராஜ், அணியில் ஆடுகிறவன். பயிற்சி முடிந்ததும் வருவான். “அண்ணாச்சி, கொஞ்சம் வெந்நி” என்று கரகரத்த குரலில் கேட்பான். உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவான். அந்த அரை மணிக்காகத்தான் மனுஷர் வீட்டைப் பெருக்குவதே.

கோலுக்கு முன்னால் நின்று எதிராளியின் பந்தைப் பறிக்கிறவனை பேக் என்பார்கள். இந்த அணிக்கு இரண்டு பேக். ஒருவன் செண்பகராஜ், இன்னொருவன் லூர்துசாமி. இருவருக்கும் ஒரே சம்பளம்.

போட்டி நடத்துகிற சங்கம் ஒரு கோடு போட்டிருந்தது. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் இருபது லட்சத்தைத் தாண்டினால் அந்த அணிக்கு ஆட்டமே கிடையாது. கோல் போடுகிறவனுக்குச் சம்பளம் ஏற்றியதில் கணக்கு ஒரு லட்சம் மேலே போய்விட்டது. மதுரைக்காரர்கள் போன் போட்டார்கள்.

“உங்க ரெண்டு பேக்குல யாரைக் கொடுத்தாலும் சரிதான். பதிலுக்கு ஒரு இளசைத் தர்றோம், சம்பளம் ஒரு லட்சம் கம்மி. நல்லா ஓடுவான், சொன்னதைச் செய்வான். எங்க நிக்கணும்னுதான் இன்னும் பிடிபடல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பேர் சொல்லுங்க.”

வெயிலுமுத்து நோட்டைப் பிரித்தார். யார் எத்தனை பந்து பறித்தான் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கோடு போட்டு வைப்பது அவர் வழக்கம். பத்து ஆட்டத்தில் லூர்து நாற்பத்தொன்று. செண்பகராஜ் ஒன்பது.

மதுரைக்கு ஒரு பேக் போகப்போகிற சேதி அதற்குள் அணிக்கும் எட்டியிருந்தது. சாயங்காலம் மைதானத்தில் லூர்து எல்லோர் முன்னாலும் கேலி பேசினான். “அண்ணாச்சி, இவன் பந்தைத் தொட்டதைவிட தொண்டையத் தொட்டதுதான் ஜாஸ்தி!”

கோல்கீப்பர் கிருபாகரன் எடுத்துக் கொடுத்தான். “மேனேஜர் வீட்டு மாப்பிள்ளைக்கு என்னடே பயம்?”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

வெயிலுமுத்து வீட்டுக்கு வந்து மறுபடியும் நோட்டைப் புரட்டினார். செண்பகராஜ் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த நாளும் அதில் இருந்தது. அன்றைக்கு மட்டும் லூர்து பதினோரு பந்து பறித்திருந்தான். ஆனால் அணி ஐந்து கோல் வாங்கியது. மற்ற எந்த ஆட்டத்திலும் இரண்டுக்கு மேல் வாங்கியதில்லை.

செண்பகராஜை வைத்துக்கொண்டால் சிநேகிதத்துக்காக வைத்தார் என்பார்கள். அனுப்பினாலோ, அந்தக் கதவைத் தட்ட ஆளில்லை. யோசனை கேட்கவும் ஆளில்லை. இந்த விஷயத்தை யாரிடம் பேச முடியுமோ, அவனைப் பற்றித்தானே பேச்சே!

இப்போது சொல்லுங்கள். வெயிலுமுத்து யாரை அனுப்புவது சரி?

விடை இதுதான். லூர்துவை. ஒன்பது பந்து பறித்தவனுக்குத் தொண்டை ஏன் கட்ட வேண்டும்? களம் முழுக்கக் கத்தி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் அவன். லூர்து பறித்ததில் பாதி, செண்பகராஜ் குரல் கொடுத்து அவன் பக்கம் திருப்பிவிட்ட பந்து. அந்தக் குரல் இல்லாத கல்யாண நாளில் எதிராளிகள் இஷ்டத்துக்கு உள்ளே வந்தார்கள்; அதனால்தான் லூர்துவுக்குப் பதினொன்று, அணிக்கு ஐந்து கோல். ஓடத் தெரிந்து, நிற்கத் தெரியாத மதுரை இளசுக்கும் அந்தக் குரல்தான் வேண்டும். மறுநாள் காலைப் பயிற்சியில் வெயிலுமுத்து செண்பகராஜை வாயே திறக்காமல் ஆடச் சொன்னார். லூர்து நாலு பக்கமும் ஓடினான். கால் மணி நேரத்தில் மூன்று கோல் விழுந்தது. மதுரைக்குச் சொல்லுமுன் லூர்துவைத் தனியாகக் கூப்பிட்டார். “உன் கையில குறையே இல்லடே. அங்க போனதும் உனக்காகக் கத்துறதுக்கு ஒரு ஆளைப் பாத்து வச்சுக்கோ” என்றார். அணிக்குள் முணுமுணுப்பு வந்தால் எந்தக் குரலும் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் செண்பகராஜையும் கூப்பிட்டு, “போட்டி முடியறமட்டும் என் வீட்டுப் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டு, மைதானத்தின் மறுபக்கமாக நடந்து போனார்.