தாய்மாமன் பெயரை நீக்கப் போன மூவர்

மந்தாரபுரம் கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்த மேனேஜர், உதவியாள், வாட்ச்மேன் மூவருக்கும் சொன்னதை அப்படியே செய்யத் தெரியும். வம்பே அதுதான். "பட்டியல்ல பேர் இல்லாதவன் எவனையும் உள்ளே விடாதே" என்று மேனேஜர் பூவராகனிடம் முதலாளி ஒருமுறை சொன்னார். மறுநாள் முதலாளியே வெயிலில் வாசலில் நின்றார், பாவம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. "திரையில தெரியறது சும்மா ஒரு ஜன்னல் மாதிரிங்க. நிஜப் பட்டியல் உள்ளே இருக்கு" என்றார் பொருத்த வந்தவர். பூவராகன் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணின் அப்பா சிதம்பரநாதன் கொதித்துக்கொண்டு வந்தார். பத்திரிகையில் தன் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதென்று அவர் மச்சான் திருமேனி, அதாவது பெண்ணின் தாய்மாமன், சண்டை போட்டிருந்தார்.

"பட்டியல்லேருந்து அந்தாள் பேரைத் தூக்குங்க! விடிஞ்சா முகூர்த்தம். ஒரு குளறுபடியும் வரக் கூடாது."

"நாங்க இருக்கோம்ல" என்றார் பூவராகன்.

மண்டபம் பேசியவர் திருமேனி. அதனால் கல்யாண வீட்டார் அத்தனை பேரும் கம்ப்யூட்டரில் அவர் பெயரைப் பிடித்துத்தான் தொங்கினார்கள். பூவராகன் அவர் பெயரை நீக்கப் பார்த்தார். 'இவரைச் சார்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களை நீக்கவும்' என்றது திரை.

"அண்ணே, பொண்ணு பேரும் வருதே?" என்றான் உதவியாள் ஏகாம்பரம்.

"ஜன்னல் கண்ணாடியைத் துடைச்சா, உள்ளே இருக்கிற ஆளா அழிஞ்சிடுவான்?"

அந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சம்பந்தி, நாதஸ்வரக்காரர், மாப்பிள்ளை, பெண் என்று வரிசையாகத் துடைத்தார்கள். கடைசியில் மண்டபத்தைப் பதிவு செய்து கொடுத்த ஊழியர்கள் என்று இவர்கள் பெயரே வந்தது. அதையும் விடவில்லை. திருமேனி பெயருக்கு வருவதற்குள், 'நீங்கள் யார்?' என்று கேட்டுவிட்டுத் திரை இருண்டுபோயிற்று.

காலையில் அச்சாகி வந்த தாளில் ஒரே வரி: 'திருமேனி, குடும்பத்துடன்.' ஜன்னலில் துடைத்தது உள்ளே வரைக்கும் துடைத்திருந்தது.

மிச்சச் சண்டையைப் போட வந்த திருமேனி மட்டும் உள்ளே போய், கால்மேல் கால் போட்டுக் காபி குடித்தார். ஊரே வாசலில் நின்றது.

"யோவ், முகூர்த்தம் போகுதுய்யா!" சிதம்பரநாதன் அழாத குறை.

பூவராகனுக்கு மனசு இளகிவிட்டது. "ஒரு வழி இருக்குங்க. திருமேனி ஐயா குடும்பம்னு சொல்றவங்க உள்ளே போகலாம்."

சிதம்பரநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் அவர் தம்பி" என்று நுழைந்தார். பெண், "நான் அவர் பொண்ணு" என்றாள். மாப்பிள்ளை அவசரத்தில், "நான் அவர் பையன்" என்றார். பட்டியலில் இல்லாத நம் மூவரும், திருமேனிக்குத் தாங்கள் தம்பிகள் என்று தங்களிடமே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, பின்னாலேயே போனார்கள்.

மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அதுவரை விரல்விட்டு உறவுமுறையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பூவராகன், திடுக்கிட்டு மேடைக்கு ஓடினார்.

"நிறுத்துங்க! அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டுறதாவது!"

தாலி ஏகாம்பரத்தின் கைக்குப் போய்விட்டது. விழித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் தோளில் பூவராகன் பாசத்தோடு கை வைத்தார்.

"கலங்காதே கண்ணு. சித்தப்பாக்கள் நாங்க மூணு பேர் எதுக்கு இருக்கோம்? உன் தங்கச்சிக்கு வேற நல்ல மாப்பிள்ளையா பார்த்துடுவோம்."