சாம்பல் சேராத சுவர்

பஞ்சநதம் மடத்துக்கு வந்த நாள் முதல் அவரோடு ஒரே அறையில் இருப்பவன் மாசிலாமணி. அவன் குறட்டையைப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலையில் பஞ்சநதம் குருவிடம் போய் நின்றார். குரு அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதானே.

"சுவாமி, ஒன்று அவன் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன். அறையில் ஒரு துரும்பை எடுத்துப் போடுவதில்லை. திட்டினால் சிரிக்கிறான். திட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறான். எல்லா மடத்திலும் வேண்டாமென்று தள்ளிவிட்ட ஆள்."

"தண்ணீர்த் தொட்டி கட்டி முடியட்டும். பார்க்கலாம்," என்றார் குரு.

பஞ்சநதத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. தொட்டி வேலையைத் தாமே முன்னின்று பார்த்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரியில் வந்து இறங்கியதும் தாம்தூம் என்று குதித்தார்.

"எரித்துத் தள்ளிய கழிவையா சிமெண்டில் கலப்பது?"

"சரி, ஒரு சுவரை மட்டும் உம் இஷ்டப்படி வெறும் சிமெண்டில் கட்டும்," என்றார் குரு.

அவர் சுவர் சீக்கிரமே இறுகிக் கணீரென்றது. சாம்பல் கலந்த மற்ற மூன்றும் ஆணி பட்டால் கீறல் விழுகிற பதத்தில் மந்தமாய்க் கிடந்தன. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தித் தம் சுவரைத் தட்டிக் காட்டினார். பெருமை தாங்கவில்லை மனுஷருக்கு.

சில மாதம் கழித்துத் தொட்டியை நிரப்பினார்கள். சாம்பல் சுவர்கள் கல்லாய் நின்றன. அதில் ஒன்றின் நிழலில் மாசிலாமணி தூங்கிக்கொண்டிருந்தான். பஞ்சநதத்தின் சுவரில்தான் மயிரிழை மயிரிழையாய் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "நல்ல சிமெண்ட் சுவாமி. ஒரு குறையும் வைக்கவில்லையே."

"குறை இல்லைதான். தண்ணீர் விட்டுக் குழைத்ததும் சிமெண்டுக்குச் சூடேறும். கனமான சுவராயிருந்தால் அந்தச் சூட்டிலேயே வெடிப்பு விடும். சாம்பல் கூட இருந்தால் அவ்வளவு சூடேறாது. நிதானமாய் இறுகும்."

பஞ்சநதம் தலையைச் சொறிந்தார். ஆனாலும் பிடித்த பிடியை விடுகிற ஆளா?

"அது கிடக்கட்டும். மாசிலாமணியை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?"

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதற்கு முன் எந்த மடத்திலாவது ஒரு வருஷம் தங்கியிருக்கிறீரா?"

"இல்லை. எல்லா இடத்திலும் சண்டையாகிவிட்டது."

"இங்கே?"

"ஏழு வருஷம் ஆகிறது."

"அவனை அனுப்பிவிடலாம். உம் திட்டை வாங்கிக்கொண்டு சிரிக்க வேறு ஆளை நீரே பார்த்துக் கூட்டிக்கொண்டு வாரும்."